மகாராஜாவின் கடைசிச் சாப்பாட்டு ஓலை

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டை அதிரூபமாறன் என்கிற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. காதில் கடைசியாக விழுந்த யோசனை எதுவோ அதுதான் அன்றைய சட்டம். இன்னொன்று, மனிதர் பசி மட்டும் தாங்கமாட்டார்.

அவருக்குச் சூடாமணியார் என்று ஒரு மந்திரி. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து வைத்தவர் அவர்தான். ஜனங்கள் அவரைக் கொண்டாடக் கொண்டாட, கருவூலத் தலைவர் வைரவநாதருக்கு வயிறு எரிந்தது. மந்திரியை ஒன்றும் செய்யமுடியாத ஆத்திரத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சபைக்கு ஆவுடையம்மாள் என்கிற ஆசிரியை வந்தாள். கும்பிட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மகாராஜா, கீழப்பட்டிப் பள்ளிக்கூடத்திலேருந்து மேலக்கரைக்கு என்னை மாத்தினாங்க. மறுநாளே போய்ச் சேர்ந்துட்டேன். ஏழு மாசமாச்சு, மாசாமாசம் கருவூலத்துல போய் நின்னும் சம்பளம் வரல. மளிகைக்கடைக்காரர் நேத்தோட கடனை நிறுத்திட்டார். இன்னும் பத்து நாள் பார்ப்பேன். அப்புறம் நெல்லு குத்தற கூலிக்குத்தான் போகணும். மேலக்கரையில நாப்பது பிள்ளைங்க, நான் ஒருத்திதான் வாத்தியார். பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டுப் போக மனசு வரல."

ராஜாவுக்கு இரக்கமாக இருந்தது. "வைரவநாதரே, ஏன் கொடுக்கவில்லை?"

வைரவநாதர் தொண்டையைக் கனைத்தார். "சட்டம் மகாராஜா! ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறினால், இங்கே சம்பளத்தை நிறுத்திவிட்டோம் என்று பழைய பள்ளி கடைசிச் சம்பள ஓலை அனுப்பவேண்டும். அது வந்தால்தான் புதுப் பள்ளி ஏட்டில் பெயர் ஏறும்."

"சரி, பழைய பள்ளி அனுப்பவேண்டியதுதானே?"

"புதுப் பள்ளியில் பெயர் ஏறியதாக ஓலை வந்தால் அனுப்புவார்கள்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைரவநாதர் சட்டென்று குரலைக் குழைத்தார். "ஏமாற்றுக்காரர்கள் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கிவிடக்கூடாது பாருங்கள். தங்கள் ஆட்சிக்கே பெருமை சேர்க்கும் சட்டம் இது!"

பெருமை என்றதும் ராஜாவின் முகம் மலர்ந்தது. இரக்கம் பறந்துவிட்டது. "ஆகா, அருமையான சட்டம்! வாத்தியார்களுக்கு மட்டும் என்ன? இனி நாட்டில் யார் இடம் மாறினாலும் இதே சட்டம்தான்!"

ஆவுடையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரி மெதுவாக எழுந்தார்.

"யார் இடம் மாறினாலுமா, மகாராஜா?"

"யார் மாறினாலும்! நான் உட்பட!"

"சம்பளத்துக்கு மட்டுமா, சாப்பாட்டுக்கும் சேர்த்தா?"

"எல்லாவற்றுக்கும்தான்!"

மந்திரி உடனே அதை எழுதி, ராஜமுத்திரை வாங்கி, நாடு முழுக்க அனுப்பிவிட்டார். ஆசிரியையிடம், "ஆடி முதல் தேதி ஆற்றங்கரை அரண்மனைக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான்கே நாள் இருந்தது.

மருதவளநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி பிறந்தால் ராஜா கோட்டை அரண்மனையை விட்டு ஆற்றங்கரை அரண்மனைக்குக் குடிபோவார். புதுத்தண்ணீர் வரும் மாதமல்லவா! அன்றும் மேளதாளத்தோடு வந்து இறங்கினார். உச்சிவேளை. இலை முன்னால் உட்கார்ந்தார். இலை மட்டும்தான் இருந்தது.

தலைமைச் சமையற்காரர் கைகட்டி நின்றார். "மன்னிக்கணும் மகாராஜா. கோட்டை அடுக்களையிலேருந்து தங்களோட கடைசிச் சாப்பாட்டு ஓலை இன்னும் வரல. இங்க ஏட்டுல தங்களோட பேர் ஏறல."

குதிரைக்காரன் கோட்டைக்குப் பறந்தான். திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னான். "அங்க மகாராஜா பேரைக் காலையிலயே அடிச்சுட்டாங்களாம். ஆற்றங்கரையில பேர் ஏறினதா ஓலை வந்தாத்தான், அவங்க ஓலை கொடுப்பாங்களாம்!"

உள்ளேயிருந்து முருங்கைக்காய்ச் சாம்பார் மணந்தது. ராஜாவின் வயிறு சபையறியச் சத்தம் போட்டது. "கூப்பிடு வைரவநாதரை!" என்று கத்தினார்.

வைரவநாதர் வந்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் சமையற்காரர்கள் பக்கம் திரும்பினார். "அடேய், மகாராஜாவுக்குச் சோற்றைப் போடுங்கடா!"

"ஓலை இல்லாமலா?" என்றார் மந்திரி.

"ஓலையாவது ஒன்றாவது! ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், பசியில் வாடுகிறார். இதற்கு மேல் என்னய்யா அத்தாட்சி வேண்டும்?"

ஓரமாக நின்ற ஆவுடையம்மாள் முன்னால் வந்தாள். "ஐயா, நானும் ஏழு மாசமா உங்க எதிர்லதான் நிக்கிறேன்."

ராஜா ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தார். ஒருவேளைப் பசியிலேயே அவருக்கு உலகம் இருண்டிருந்தது. ஏழு மாதத்தை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குள் சமையற்காரர் சோற்றுப் பாத்திரத்தோடு வந்துவிட்டார். ராஜா கையைக் குறுக்கே நீட்டினார். "முதலில் அந்த அம்மாள் சம்பளம். பிறகு என் சாப்பாடு. வைரவநாதரே, ஓடும்!"

பல்லக்கை விட்டு இறங்காத மனிதர், அன்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கருவூலத்துக்கு ஓடிய ஓட்டத்தை மருதவளநாடு பார்த்துச் சிரித்தது. ஏழு மாதச் சம்பளமும் ஆவுடையம்மாள் கையில் விழுந்த பிறகுதான் ராஜா சாப்பிட்டார். மூன்று முறை சாம்பார் கேட்டார்.

கைகழுவிவிட்டு உத்தரவு போட்டார். "இனி போய்ச் சேர்ந்த மாதமே சம்பளம் கொடுக்கவேண்டும். ஓலை பின்னால் ஆடி அசைந்து வரட்டும். அந்தச் சட்டம் இன்றோடு ரத்து, ஒரே ஒருவரைத் தவிர. வைரவநாதரே, உம்மை மேலக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கெழுத மாற்றியிருக்கிறேன்."

"மகாராஜா... என் சம்பளம்?"

"ஓலை வந்ததும் வரும்."

சபை அதிரச் சிரித்தது. மந்திரிகூட மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஆவுடையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வைரவநாதர் பக்கம் திரும்பினாள்.

"அதுவரைக்கும் பசிச்சா எங்க வீட்டுக்கு வாங்க ஐயா. எதிர்ல நிக்கிற ஆளுக்குச் சோறு போட, எங்க வீட்டுல ஓலை கேக்கறதில்ல."