கடைசி ஓடைநாவலும் கீற்று என்ற சருகுமானும்

முகில்பாறை மலையில் ஒரு சருகுமான் இருந்தது. அதன் பெயர் கீற்று. முயல் உயரம்தான் இருக்கும். உடம்பில் வெள்ளைக் கோடுகள். சருகுக்குள் நின்றால் பக்கத்தில் வந்தவர்களுக்குக்கூடத் தெரியாது.

அது வசித்த ஓடைக்கரையில் ஓர் ஓடைநாவல் மரம் நின்றது. ஒரு காலத்தில் அந்த மலையின் ஓடைகள் எல்லாவற்றிலும் இந்த மரங்கள் இருந்தன. மனிதர்கள் ஓடைகளை வாய்க்காலாக வெட்டித் திருப்பித் தேயிலை போட்டார்கள். கரை காய்ந்ததும் மரங்களும் ஒவ்வொன்றாகப் போயின. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

பங்குனி மாதம் அந்த மலைக்குப் பொல்லாத மாதம். பலா பழுத்திருக்காது. அத்தி காய்ந்திருக்கும். அப்போது இந்த ஒரு மரம் மட்டும் கருஞ்சிவப்பாகப் பழுத்துச் சொரியும். மலை அணில் மேலே தின்னும். கட்டையன் என்ற காட்டுப்பன்றி கீழே தின்னும். மிஞ்சியது கீற்றுக்கு.

ஓர் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட காலையில் கீற்று மரத்தடிக்குப் போய்ப் பார்த்தது. ஓடை கரையை அரித்துவிட்டிருந்தது. பாதி வேர்கள் மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கின.

கீற்று மேலே பார்த்து அணிலைக் கூப்பிட்டது. "அண்ணே, மரம் ரொம்ப நாள் நிக்காது போல இருக்கு. வேரெல்லாம் வெளியே வந்துடுச்சு."

"எனக்கு இலை பச்சையாத்தான் தெரியுது" என்றது அணில். "ஒண்ணும் ஆகாது, போ."

கட்டையன் வேரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தது. "விழட்டுமே. இத்தனை வருஷமா எனக்கு எட்டாத உச்சாணிப் பழமெல்லாம் ஒரே நாள்ல என் வாய்க்கு வரும்."

"அதுக்கு அடுத்த பங்குனிக்கு?"

"அடுத்த பங்குனியை அப்போ பாத்துக்கலாம்."

கீற்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தது. மரத்தடியில் விழும் விதை ஒன்றுகூட முளைப்பதில்லை. கட்டையன் கொட்டையோடு கடித்து நொறுக்கிவிடும். ஆனால் கீற்று பழத்தை முழுதாக விழுங்கும். பிறகு ஒதுக்குப்புறமாகப் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பும். "அப்படின்னா இந்த வேலை என்னாலதான் ஆகும்" என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

பங்குனி வந்தது. கட்டையன் எழுந்திருக்கும் முன்பே கீற்று மரத்தடிக்குப் போகும். ஆறேழு பழங்களை விழுங்கும். தான் வழக்கமாகப் படுக்கும் பாறைச் சரிவுக்குப் போய்க் கொட்டைகளைத் துப்பும். ஆனி மழையில் அந்தச் சரிவு முழுக்கச் செந்தளிராக முளைத்தது. கீற்றுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தை மாதம் சரிவு காய்ந்தது. மாசியில் ஒரு கன்றும் மிச்சமில்லை. சுருண்டு கிடந்த இலைகளுக்கு நடுவில் கீற்று வெகுநேரம் நின்றது. அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு ஒன்று புரிந்தது. விதையில் குறை இல்லை. இந்த மரத்துக்குக் கால் நனைந்தே இருக்க வேண்டும், தலைக்கு மேல் நிழலும் வேண்டும். பாறைச் சரிவில் இரண்டும் கிடையாது.

அப்படி ஓர் இடத்தைத் தேடிக் கீற்று மலையெல்லாம் அலைந்தது. கடைசியில் கிடைத்தது. பெரிய புல்மேட்டுக்கு அந்தப் பக்கம், காட்டு மடிப்புக்குள் ஓர் ஊற்றுச் சேறு. கோடையிலும் வற்றாதது. சுற்றிலும் மரநிழல். ஆனால் அது காட்டெருமைகள் படுத்துப் புரளும் இடம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி கருப்பாயி.

"பெரியம்மா, ஊற்றுக்கண் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுக் குடுங்க. அங்க ஓடைநாவல் முளைக்கணும்" என்று கேட்டது கீற்று.

கருப்பாயி அசைபோட்டுக்கொண்டே கீழே பார்த்தது. "எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல, பெரியம்மா. வருஷக் கணக்கு."

"என் கூட்டத்துல இருபது பேர். காலைப் பாத்துப் பாத்து வைக்கச் சொல்ல என்னால முடியாது. முளைச்சா முளைக்கட்டும், மிதிபட்டா என்னைக் கேக்காதே."

மறு பங்குனியில் கீற்று நடையைத் தொடங்கியது. விடியும்போது பழம் விழுங்கும். ஒளிய ஒரு புதர்கூட இல்லாத புல்மேட்டைக் கடக்கும். உச்சி வெயிலுக்குள் சேற்றுக்குப் போய்க் கொட்டைகளைத் துப்பும். முதல் வாரம் துப்பியதையெல்லாம் எருமைகள் மிதித்து ஆழத்தில் புதைத்துவிட்டன. கீற்று ஓரமாக நின்று அவை எங்கே கால் வைக்கின்றன, எங்கே வைக்கவில்லை என்று பார்த்தது. ஊற்றுக்கண்ணை ஒட்டி ஒரு பழைய மரம் விழுந்து உளுத்துக் கிடந்தது. அதன் முறிந்த கிளைகள் ஈட்டி போல நீட்டிக்கொண்டிருந்தன. கால் குத்தும் என்று எந்த எருமையும் அதற்குள் நுழையவில்லை. கீற்றின் சிறிய உடம்பு அந்தக் கிளைகளுக்குள் சுலபமாகப் புகுந்தது. அன்று முதல் கொட்டையெல்லாம் அங்கேதான்.

ஒரு நாள் புல்மேட்டில் செந்நாய்கள் அதைப் பார்த்துவிட்டன. கீற்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. கிளைகளுக்குள் பாய்ந்து விழுந்தபோது பின்னங்கால் கிழிந்திருந்தது. நாய்கள் சுற்றிச் சுற்றி வந்து, எருமைகள் கொம்பை ஆட்டியதும் போய்விட்டன. கீற்று மூச்சு வாங்கியபடி அங்கேயே படுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, வயிற்றில் இருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகத் துப்பியது. மூன்று நாள் கழித்து நொண்டிக்கொண்டே மறுபடி நடந்தது.

அந்த ஐப்பசியில் ஓடைநாவல் விழுந்தது.

சத்தம் கேட்டுக் கட்டையன் ஓடி வந்தது. கிளை கிளையாகத் தேடியது. பழம் பங்குனியில்தான் வரும். ஐப்பசியில் அந்த மரத்தில் இலையைத் தவிர என்ன இருக்கும்? ஓடை அதையும் இழுத்துக்கொண்டு போனது.

அடுத்த பங்குனியில் மலை பசியில் கிடந்தது. அணில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இறங்கிப் போனது. அதன்பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. கட்டையனுக்கு விலா எலும்பு தெரிந்தது. கீற்றின் கால்தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு அது ஊற்றுச் சேற்றுக்கு வந்து சேர்ந்தது.

உளுத்த மரத்துக்கு நடுவில் ஒரு சாண் உயரத்தில் பதினோரு கன்றுகள் நின்றன. கட்டையன் மூக்கால் கிளைகளைத் தள்ளத் தொடங்கியது. ஈரமண்ணுக்குள் ஏதாவது இருக்கும் என்று அதற்கு நம்பிக்கை.

கீற்று முன்னால் வந்து நின்றது. "அண்ணே, இதைத் தொடாதீங்க."

"நகரு. பசியில கண்ணு இருட்டுது."

"எனக்கும் பசிதான்."

கட்டையன் ஒரே தள்ளு தள்ளியது. கீற்று உருண்டு விழுந்தது. ஒரு கன்று வேரோடு வந்தது. கட்டையன் அதைக் கடித்துப் பார்த்து, கசப்பு தாங்காமல் துப்பியது. அதற்குள் கீற்று எழுந்து மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது.

"அந்த இலையை மோந்து பாருங்க" என்றது.

கட்டையன் முகர்ந்தது. அப்படியே நின்றுவிட்டது. "இது நம்ம மரத்து வாசனை."

"நம்ம மரம்தான். இந்த மலையில இனிமே இவ்வளவுதான். இதையும் தோண்டிட்டா உங்க குட்டிங்களுக்கும் பங்குனி இப்படியேதான் இருக்கும்."

"அதுவரைக்கும் நான் எதைத் தின்னுறது?"

"சேத்துக்குக் கீழ்ப்பக்கம் கோரைக்கிழங்கு இருக்கு. நான் காட்டுறேன். வயிறு நிறையாது, உயிர் நிக்கும்."

கட்டையன் தான் பிடுங்கிப் போட்ட கன்றைப் பார்த்தது. பிறகு கீற்றின் பின்னால் நடந்தது.

கருப்பாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று மாலை கூட்டம் சேற்றில் இறங்கியபோது அது ஊற்றுக்கண்ணுக்குக் குறுக்கே நின்றுகொண்டது. "இனிமே எல்லாரும் கீழ்ப்பக்கம் படுங்க" என்றது. ஒரு கிடா முணுமுணுத்தது. கருப்பாயி கொம்பைத் திருப்பியதும் அதுவும் கீழே போனது.

வருஷங்கள் போயின. இரண்டு கன்றுகளைப் பூச்சி தின்றது. ஒன்று காற்றில் முறிந்தது. ஏழு மரங்கள் உயர்ந்தன. எட்டாவது பங்குனியில் அவற்றில் ஒன்று பழுத்தது. கட்டையனின் குட்டிகள் கீழே விழுந்த பழத்தைத் தின்றன. கருப்பாயியின் பேரக்கன்றுகளும் தின்றன.

கீற்றுக்கு அப்போது பல் தேய்ந்து, பார்வையும் மங்கியிருந்தது. அது நிதானமாக நான்கு பழங்களை விழுங்கியது. பிறகு எழுந்து மேற்கே நடக்கத் தொடங்கியது.

"எங்க கிளம்பிட்ட? இனி நிழல்ல படுக்க வேண்டியதுதானே?" என்றது கட்டையன்.

"அடுத்த மடிப்புல இன்னொரு ஊற்று இருக்குன்னு சொன்னாங்க" என்றது கீற்று. "ஒரே இடத்துல ஏழு மரம் நிக்கிறதும் ஒத்தை மரம் நிக்கிற மாதிரிதான்."

கட்டையன், வழியில் செந்நாய்கள் வந்தால் துணைக்கு ஆள் வேண்டுமே என்று அதன் பின்னாலேயே போனது.

அருகிவரும் உயிரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அதன் விதையை மட்டும் அல்ல, அது வாழ ஏற்ற இடத்தையும் தேடிக் காக்க வேண்டும். அதுவும் கடைசி மரம் விழுவதற்கு முன்பே.