புங்கமரமும் தலைவர் காரும்

எங்கள் தெருச் சங்கத் தலைவர் தணிகாசலத்தோடு மாரடித்தே எங்களுக்கு ஆயுசு போகிறது. தெருவிலிருக்கும் ஒரே புங்கமரத்தடியில்தான் காரை நிறுத்துவார். அதன்மேல் இலை விழுகிறதென்று தினமும் கத்துவார். ஒருநாள், தெரு கூட்டும் தேசம்மாவிடம், "நாளைக்குக் கார்மேல ஒரு இலை விழுந்தாலும் மரத்தை வெட்டிடுவேன்" என்றார்.

மறுநாள் அவர் காரில் கடைக்குப் போய் வருவதற்குள் தேசம்மா குப்பைவண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டாள். கார் வெயிலில் நின்றது. மத்தியானம் ஏறி உட்கார்ந்தவர், சீட் சுட்டதும் துள்ளி இறங்கினார்.

"குப்பைவண்டியை எடும்மா."

"எடுத்தா உங்க கார்மேல இலை விழுமே சார்."

தெருவே வேடிக்கை பார்த்தது.

"விழுந்தா விழட்டும்" என்று முனகினார்.

"அப்போ எதிர்ப்பக்கமும் நாலு மரக்கன்னு வெச்சிடலாம் சார். அங்க உங்க மாப்பிள்ளை காரும் வெயில்லதான் நிக்குது."