துடுப்புக்குப் பத்துப் புள்ளி

கொற்றமங்கலத்து அரசர் கோதண்டவர்மருக்கு இரண்டு தலைவலி. ஒன்று, மழைக்கு மழை உடையும் பெரிய ஏரி. மற்றொன்று, அவருடைய சபையில் இருந்த விகடகவி திருமேனி. ஏரிக்காவது கரை என்று ஒன்று இருந்தது. திருமேனியின் வாய்க்கு அதுவும் கிடையாது.

ஏரிகளையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளை உருவாக்க அரண்மனை ஒரு நீர்ப்பள்ளி நடத்தியது. ஆண்டுக்கு ஒரே ஓர் இடம். அதற்கான பட்டியலை அமைச்சர் அனந்தநம்பி சபையில் வாசித்தார். முதலிடம் அவருடைய மகன் மகரந்தன். இரண்டாமிடம் படகுத்துறையில் கூலிக்குப் படகோட்டும் அரும்பாயி.

திருமேனிக்கு அரும்பாயியைத் தெரியும். போன மழையில் ஏரி உடைந்தபோது அரும்பாயியின் வீட்டோடு அவள் தாயையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அந்த ஏரி ஏன் உடைகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் நீர்ப்பள்ளிக்கு வர நினைத்தாள். படகில் ஆள் சேரும்வரை ஓலையும் கையுமாகவே இருந்தாள்.

"தேர்வில் அவளுக்கு எத்தனை, அமைச்சரே?"

"நாற்பதுக்கு நாற்பது."

"தங்கள் மகனுக்கு?"

"பதினொன்று. வெறும் படிப்பு போதுமா ஓய்? கலையும் தொண்டும் வேண்டாமா? படகோட்டியதற்குப் பத்து, தோட்டம் வளர்த்ததற்குப் பத்து, அன்னதானத்துக்குப் பத்து. அப்பனும் பாட்டனும் அதே பள்ளியில் படித்ததற்கு முப்பது. ஆக எழுபத்தொன்று!"

அந்த அன்னதானத்தைத் திருமேனி நேரில் பார்த்திருந்தான். முதல் இலையில் ஒரு கரண்டி ஊறுகாய் வைத்துவிட்டு, கை எரிகிறது என்று மகரந்தன் பல்லக்கில் ஏறிப் போய்விட்டான். தோட்டத்துக்கு மூன்று தோட்டக்காரர்கள்.

"அரும்பாயியும் தினமும் படகு ஓட்டுகிறாளே?"

"கூலிக்கு ஓட்டினால் அது வேலை. பொழுதுபோக்குக்கு ஓட்டினால்தான் கலை."

"தாயில்லாத மூன்று தங்கைகளுக்குச் சமைத்துப் போடுகிறாளே?"

"அது வீட்டுவேலை. ஊராருக்குப் போட்டால்தான் தொண்டு."

சபை பலமாகத் தலையாட்டியது. ஆட்டாமல் என்ன செய்யும்? அங்கே இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மகன் வளர்ந்துகொண்டிருந்தான்.

அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

"சற்றுப் பொறுங்கள், அரசே," என்றான் திருமேனி. "நாளை ஆடிப்பெருக்கு. வழக்கப்படி தாங்கள் ஆற்றின் அக்கரைக்குப் போய்ப் படையல் வைக்க வேண்டும். அதற்குக் கூலியாள் எதற்கு? பத்துக்குப் பத்து வாங்கிய கலைஞரே ஓட்டட்டும். பிறகு முத்திரை வையுங்கள்."

"நல்ல யோசனை!" என்றார் அரசர்.

அமைச்சருக்கு முகம் வெளுத்தது. மகனுக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்னால் பட்டியல் பொய்யாகிவிடும். அவரும் தலையாட்டி வைத்தார்.

மறுநாள் ஆற்றில் புதுவெள்ளம். படகில் அரசர், அமைச்சர், திருமேனி, துடுப்போடு மகரந்தன். படையலுக்கான காப்பரிசித் தட்டைப் பிடித்துக்கொள்ள அரும்பாயியையும் திருமேனி ஏற்றியிருந்தான். நடு ஆற்றுக்கு வந்ததும் படகு சுற்ற ஆரம்பித்தது.

"என்னடா செய்கிறாய்?" அரசர் அலறினார்.

"நான் எப்போதும் முன்னால் உட்கார்ந்திருப்பேன், அரசே. பின்னால் நாலு பேர் ஓட்டுவார்கள்!" மகரந்தன் அழுதேவிட்டான்.

அரும்பாயி தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். திருமேனி குறுக்கே கையை நீட்டினான்.

"தொடாதே, பெண்ணே! படகோட்டுவதில் உனக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அரசே, பயம் வேண்டாம். மகனுக்கு வராவிட்டால் என்ன, குடும்பத்துக்கு முப்பது புள்ளி இருக்கிறதே. அமைச்சரே, தாங்கள் வந்து ஓட்டுங்கள்!"

அமைச்சர் படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"புள்ளி நாசமாய்ப் போக! அவளிடம் கொடுடா!" என்று கத்தினார் அரசர்.

"ஓரமா உக்காருங்க, சின்னையா. எந்திரிச்சா படகு கவுந்துரும்," என்று சொல்லி அரும்பாயி துடுப்பை வாங்கினாள். நாலே வீச்சில் படகு நேரானது.

கரையில் கால் வைத்ததும் அரசருக்கு உயிர் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. முத்துமாலையைக் கழற்றித் திருமேனியிடம் நீட்டினார்.

"மாலை வேண்டாம், அரசே. முத்திரையை இடம் மாற்றி வைத்தால் போதும்."

அரும்பாயியின் பெயருக்கு நேரே முத்திரை விழுந்தது. அமைச்சர் பதறிப்போய் அரசர் காலில் விழுந்தார்.

"அரசே, இது நியாயமா? என் தகப்பனார் காலத்திலிருந்து அந்தப் பெரிய ஏரியைப் பார்த்துக்கொள்வதே எங்கள் குடும்பம்தானே!"

திருமேனி அரும்பாயியின் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கொண்டாயா, அம்மா? ஏரி ஏன் உடைகிறது என்று படிக்கத்தானே பள்ளிக்கு வர நினைத்தாய்? முதல் பாடத்தை அமைச்சரே நடத்திவிட்டார்."