கிணற்றில் கூப்பிட்ட பெயர்

வந்தவாசிப் பக்கம் வெண்ணாங்குப்பத்தில் ஏகாம்பரம் என்று ஒருவர். அவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள்; தீர்ப்பு சொல்லப்போவது நீங்கள்தான்.

அவர் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், தனக்கோட்டி என்று பெயர். தாது வருஷப் பஞ்சத்தில் புருஷன் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். வாழப்போன இடத்திலேயே கிட என்று அப்பன் திருப்பி அனுப்பப் பார்த்தான். மறுநாள் காலை வயல் கிணற்று மேட்டில் அவள் தாலிச்சரடு மட்டும் கிடந்தது. ஆள் அகப்படவில்லை. கிணறு கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது.

அன்றிலிருந்து அவள்தான் அந்த வீட்டுப் பூவாடைக்காரி, குடும்பத்தைக் காக்கிற பெண் தெய்வம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை அந்தக் கிணற்றடிக்குப் போவார்கள். பம்பை முழங்க, பூச்சுற்றிய கலசத்தை இறக்கித் தண்ணீர் மொண்டு, "யாரம்மா வந்திருக்கிறது?" என்று பூசாரி மூன்று தரம் கேட்பார். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, "தனக்கோட்டி வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வந்தால் தெய்வம் சம்மதித்தது. வராவிட்டால் தாலி கட்ட முடியாது. பதில் சொன்னவளுக்குத்தான் படைத்த புடவை. நாற்பது வருஷமாக ஏகாம்பரத்தின் தங்கை வேதவல்லிதான் சொல்லிவந்தாள்.

ஏகாம்பரத்தின் கடைசி மகள் கல்யாணம். கலசம் எடுக்கிற அன்று விடிந்ததும் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவள் பெயர் சரஸ். அறுபது தாண்டியவள், தென்னாப்பிரிக்காவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். பதினோரு வருஷமாகத் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தேடிக் கிடைத்தது மூன்றே காகிதம். மூன்றையும் தமிழில் பெயர்த்து எழுதி வாங்கிக் கொண்டுவந்திருந்தாள். முதலாவது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பலின் பட்டியல். பெயர் தனக்கோட்டி, வயது பத்தொன்பது, தகப்பன் பெயர், ஊர் பெயர், வலது முழங்கையில் பழைய தீக்காயம். புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு கோடு. இரண்டாவது, மகன் பிறந்த பதிவு. மூன்றாவது, அடக்கம் செய்த பதிவு, வயது எழுபத்தொன்று. நடுவில் ஐம்பத்திரண்டு வருஷம், அதற்கு ஒற்றைக் காகிதம். சிரித்தாளா, அழுதாளா, இந்த ஊரை நினைத்தாளா, ஒன்றும் அதில் இல்லை.

ஏகாம்பரம் உள்ளறையில் உட்கார்ந்து படித்தார். தனக்கோட்டி சிறுவயதில் வெல்லக் கொப்பரையில் முழங்கையைச் சுட்டுக்கொண்ட கதை அவர் வீட்டிலும் உண்டு. அதே பெண்தான், சந்தேகமே இல்லை.

சரஸ் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இவள் எங்கள் வீட்டுப் பெண்ணின் வழி என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டுமானால் காகிதத்தை வாசிக்க வேண்டும். வாசித்தால் என்ன ஆகும்? தனக்கோட்டி உயிரோடு இருந்தாள் என்று ஆனால் வீட்டுத் தெய்வம் செத்துப்போகும். மாப்பிள்ளை வீட்டார் வேறு வந்து இறங்கிவிட்டார்கள். தாலியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கப்பலேறியவளையா இத்தனை நாள் கும்பிட்டீர்கள் என்று எழுந்து போனாலும் போவார்கள்.

"பொறும்மா," என்றார் ஏகாம்பரம். "நாளைக்குத் தாலி ஏறட்டும். அப்புறம் ஊரைக் கூட்டி நானே வாசிக்கிறேன்."

கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்த வேதவல்லி ஒப்பவில்லை. "பஞ்சத்துல கிணத்துல ஏதுண்ணா தண்ணி? நம்ம வீட்டுல ஒருத்தரும் அதைக் கேக்கல, நானும் கேக்கல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே அவ கிணத்துலேருந்து வந்தான்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

சரஸ் காகிதங்களைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வேணாம் அண்ணா. நான் கல்யாணம் பாக்க வந்தவ. அப்படியே இருந்துட்டுப் போறேன்." கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அண்ணாங்காதடி," என்றாள் வேதவல்லி. "அத்தை வழியில வந்தவ நீ. முறைப்படி இவரை நீ கட்டிக்கலாம்."

கலங்கிய கண்ணோடு சரஸ் சிரித்துவிட்டாள். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிணற்றடியில் ஊரே நின்றது. கலசம் மேலே வந்தது. யாரம்மா வந்திருக்கிறது என்று பூசாரி கேட்டார். வேதவல்லி வாயைத் திறக்கவில்லை. இரண்டாந்தரம் கேட்டார். மாப்பிள்ளையின் தாய் பக்கத்திலிருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். மணப்பெண் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேதவல்லி தரையைப் பார்த்தபடி நின்றாள். மூன்றாந்தரம் கேட்டுவிட்டுப் பூசாரி கலசத்தைக் கீழே வைக்கப் போனார்.

"தனக்கோட்டி வந்திருக்கேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து சொன்னவள் சரஸ். எங்கிருந்தோ வந்தவளுக்கு இந்தப் பெயர் எப்படித் தெரியும்? தெய்வமே அவள்மேல் இறங்கிவிட்டது என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. பம்பை முழங்கியது. புடவையை அவள் தோளில் போர்த்தினார்கள். மறுநாள் குறித்த நேரத்தில் தாலி ஏறியது.

இப்போது சொல்லுங்கள். ஏகாம்பரம் உண்மையை ஒரு நாளைக்கு மூடிவைத்தார். வேதவல்லி, அண்ணன் மகள் வாழ்க்கையே நின்றுபோனாலும் போகட்டும் என்று பொய் சொல்ல மறுத்தாள். சரஸ் இன்னொருத்தியின் பெயரைத் தன் வாயால் சொல்லிக் கல்யாணத்தைக் காப்பாற்றினாள். இந்த மூவரில் தனக்கோட்டிக்கு நியாயம் செய்தது யார்?

விடை: சரஸ் என்றுதான் பலரும் சொல்வார்கள். அவள் ரத்தம், அவள் சொல்லலாம். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஏகாம்பரமும் வாக்குத் தவறவில்லை, மறுவாரமே ஊர் நடுவில் வாசித்தார். ஆனாலும் என் கணக்கில் வேதவல்லிதான். தனக்கோட்டியை ஒருவரும் பேசவிட்டதில்லை. அப்பன் போ என்றான், ஊர் செத்தாள் என்றது, கப்பலில் எழுதியவன் கோடு போட்டு முடித்தான். அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக அவளுக்காக யாரோ பதில் சொல்லியாயிற்று. அவள் பெயருக்குத் தான் பதில் சொல்லக் கூடாது என்று நின்றவள் இவள் ஒருத்திதான். இவள் வாயை மூடியதால்தான் சரஸுக்கு அங்கே நிற்க இடம் கிடைத்தது. அந்த வீட்டில் வருகிற தையில் இன்னொரு கல்யாணம். தனக்கோட்டியை எந்தத் திசை பார்த்துக் கூப்பிடுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.