ஆட்காட்டி ஏன் மரத்தில் உட்காருவதில்லை

அந்தக் காலத்தில், பறவையும் தவளையும் வாய்விட்டுப் பேசித் திரிந்த நாளில், ஓர் ஏரியைச் சுற்றி ஒரு நகரம் இருந்தது. நகரத்தைப் பத்து வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்கு ஓர் உறுப்பினரை அங்கிருந்தவர்களே தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பினர்கள் கூடி மயிலை மேயராக்கினார்கள். ஆணையாளர் நாரையை மட்டும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தது. சபை சொல்லும், நாரை செய்யும். அதுதான் ஏற்பாடு.

ஏரி வட்டத்தின் உறுப்பினர் ஆட்காட்டி. அப்போதெல்லாம் அது இருக்குமிடம் தெரியாத சாது. சபை கூடும் மருதமரத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனசு ஏரிக்கரையில்தான் கிடக்கும். ஒரு கூட்ட நாளில் கரையில் நாலு முட்டை வேறு இருந்தன.

அது சபைக்குக் கிளம்பும்போது தவளை வழிமறித்தது. "தாயி, நம்ம வரத்துக் கால்வாய மூடப் போறதா பேச்சு அடிபடுது. உனக்கு ஓட்டுப் போட்டதே அதுக்குத்தான். பேச்சு வந்தா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"சொல்லாம விடுவேனா?" என்று பறந்தது ஆட்காட்டி.

சபையில் நாரை நாற்பது பொருள்களை வாசிக்கத் தொடங்கியது. மூன்றாவது பொருளான குப்பைமேட்டுக்கே கிளியும் மைனாவும் குடுமிப்பிடிச் சண்டை போட்டன. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆட்காட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டைகள் வெந்துவிடுமே, ஏரித் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு போய் அவற்றின்மேல் உட்கார வேண்டுமே என்று தவித்தது. அந்தத் தண்ணீரின் குளுமையை நினைக்க நினைக்க அதற்கு அழுகையே வந்தது.

"எல்லாத்தையும் மொத்தமா பாஸ் பண்ணிரலாமே!" என்றது கொண்டலாத்தி.

"மறுப்பு யாருக்காவது உண்டா?" என்று மயில் கேட்டது.

உறுப்பினர்கள் சம்மதம் என்று சிறகைத் தட்டினார்கள். எல்லாருக்கும் முந்தித் தட்டியது ஆட்காட்டிதான். தட்டிய கையோடு வீட்டுக்குப் பறந்தது.

முப்பத்தேழாவது பொருள், வரத்துக் கால்வாயை மூடுவது.

மறுநாள் கால்வாயில் மண் விழுந்தது. ஆட்காட்டி பதறிப்போய் நாரையின் முன்னால் நின்றது.

"நிறுத்துங்கய்யா!"

"சபைத் தீர்மானம்மா. நீங்களும் சேர்ந்து போட்டதுதான். அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை," என்றது நாரை. அது பொய்யும் சொல்லவில்லை.

ஆட்காட்டி மயிலிடம் ஓடியது. "நான் மட்டும் சொல்லி ஆகிறதில்லைம்மா. அடுத்த கூட்டத்துல பேசுங்க," என்றது மயில். அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அதற்குள் கோடை முற்றி, வரத்து இல்லாத ஏரி வற்றிவிட்டது. நனைத்துக்கொள்ளத் தண்ணீர் இல்லாமல் நாலு முட்டையும் வெயிலில் வெந்தன. தவளை வெடித்த சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே, "தண்ணி வந்தா கூப்பிடு தாயி," என்றது. கோபித்துக்கொண்டிருந்தால்கூட ஆட்காட்டிக்குத் தாங்கியிருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு அது போகவில்லை. தவளை இறங்கிய இடத்தின் பக்கத்திலேயே, காய்ந்த தரையில் மறுபடி முட்டையிட்டுக் காத்திருந்தது.

அன்று முதல்தான் ஆட்காட்டி எந்த மரத்திலும் உட்காருவதில்லை. ஏரிப்பக்கம் யார் காலடி வைத்தாலும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது, ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால் போதுமாயிருந்த அந்த வார்த்தையை.