படிவத்தில் இல்லாத ஒன்று

"மேடம், ஒரு ஆய்வுல பொய் எவ்வளவு வரைக்கும் இருக்கலாமுங்க?"

செங்கோடன் நின்றபடியே கேட்டார்.

பேராசிரியர் மெஹருன்னிசா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தார்.

"நீங்க எவ்வளவு கலந்திருக்கீங்க, சார்?"

செங்கோடனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறவர். மெஹருன்னிசா அவரைவிட ஒன்பது வயது இளையவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர். மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார். ஆறு வருடமாக அப்படித்தான்.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர்ப் பக்கம் பிழைக்க வந்தவர்கள் அங்கே வேர் பிடிக்கிறார்களா என்பதுதான் ஆய்வு. இருநூறு பேர், இருநூறு படிவம். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

அன்று காலை மெஹருன்னிசா போன் செய்திருந்தார். "அடுத்த வாரம் எம்.ஏ. பிள்ளைங்களுக்கு ஆய்வு முறையியல் வகுப்பு. உங்க படிவங்களைக் கொண்டு வாங்க சார். கள ஆய்வுன்னா எப்படி இருக்கணும்னு அவங்க பார்க்கட்டும்."

சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் தட்டிலிருந்த இட்லியைத் தொடவில்லை. இருபத்தாறு பிள்ளைகள் அந்தத் தாள்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பதே கண்முன் நின்றது. படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது எதிரில் நிற்கிறார்.

"நாப்பத்தொண்ணுங்க மேடம்."

மெஹருன்னிசா படிவக் கட்டைப் பார்த்தார்.

"நானே எழுதினது. பதிவை ரத்து பண்ணிருவாங்களா? வேலைக்கு ஏதாச்சும் வருமா?"

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

மெஹருன்னிசா கட்டைத் தன் பக்கம் இழுத்து நாடாவை அவிழ்த்தார். "எந்த நாப்பத்தொண்ணுன்னு சொல்லாதீங்க."

மேலாக இருந்தவற்றில் ஒன்றை உருவினார்.

"பன்னிரண்டாம் எண். இந்தப் படிவத்துல இல்லாத ஒண்ணைச் சொல்லுங்க."

செங்கோடன் விழித்தார். பிறகு சொன்னார்:

"உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே பேசினாருங்க. கத்தி மொட்டை. அப்பப்போ வாசப்படியில தேய்ப்பாரு. இந்த ஊர்லயே இருந்திருவீங்களான்னு கேட்டேன். தேய்க்கறதை நிறுத்திட்டாரு."

"எண்பத்தெட்டு."

"அந்தம்மாவுக்கு நான் பேசின இந்தி புரியலீங்க. மடியில இருந்த பொண்ணு இங்கே பொறந்தது, பால்வாடிக்குப் போகுது. நான் தமிழ்ல கேட்டேன், அது அம்மாகிட்ட அவங்க பாஷையில கேட்டுச்சு. நடுவுல ஒரு கேள்விக்கு, 'இதையெல்லாம் எங்கம்மாகிட்ட கேக்காதீங்க, அழுவாங்க'ன்னு சொல்லிருச்சு. அதை விட்டுட்டேன்."

மெஹருன்னிசா பார்த்தார். பதினேழாம் கேள்விக்கு எதிரே வெறும் இடம்.

"நூற்று எழுபத்தொண்ணு."

மின்விசிறி சுற்றியது.

"நூற்று எழுபத்திரண்டு."

அவர் கண் மேஜையிலேயே இருந்தது.

மெஹருன்னிசா எண்ணைச் சொல்லிச் சொல்லி, பதில் வராத தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தார். ஐந்தாவது தாளில் செங்கோடன் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல ஒரு கேள்வியும் விட்டுப்போகலை," என்றார் மெஹருன்னிசா. "யாரும் நடுவுல எழுந்து போகலை. யாரும் தெரியாதுன்னு சொல்லலை. அக்கம்பக்கத்தாரோட பழகுறீங்களான்னா எல்லாரும் ஆமாங்கறாங்க."

"அவங்க நல்லா இருக்கட்டும்னு நெனச்சு எழுதினேனுங்க."

"எவங்க?"

"ஒரு நூற்பாலை விடுதிங்க மேடம். பூரா பொம்பளைப் பிள்ளைங்க."

"அவங்களைப் பார்த்தீங்களா?"

"கேட்டுக்கு வெளியே நின்னு பார்த்தேன்."

"எத்தனை நாள்?"

"பதினொரு நாள். உள்ளே விடவே இல்லீங்க. பன்னிரண்டாம் நாள் பக்கத்து பேக்கரியில உட்கார்ந்து மூணு பேனாவை மாத்தி மாத்தி..."

"பேக்கரியை விடுங்க. அந்தப் பதினொரு நாள் என்ன பார்த்தீங்க?"

செங்கோடன் யோசித்தார். பேச ஆரம்பித்தபிறகு நிற்கவில்லை.

ஆலைக்கும் விடுதிக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். ஆனாலும் பிள்ளைகளைப் பஸ்ஸில்தான் கொண்டுபோவார்கள். பஸ் வந்தால் கேட் திறக்கும், போனால் மூடும். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பத்துப் பேராக வார்டனோடு கடைக்குப் போவார்கள். முக்கால் மணி நேரம். திரும்பி வரும்போது ஆளுக்கொரு ஷாம்பு பாக்கெட் கையில் இருக்கும்.

"மூணாம் நாள் மாடி ஜன்னல்லருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சுங்க. அண்ணா, ரயில்வே ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கேட்டுச்சு. கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் ஆலைச் சுவரு. அதைத் தாண்டி அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா சாயங்காலம் பார்த்தா, நாலு பொண்ணுங்க அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க."



"இதை எங்கே எழுதியிருக்கீங்க?"

"எங்கேயும் எழுதலீங்க. படிவத்துல அதுக்கு இடமில்லையே மேடம்."

மெஹருன்னிசா ஆய்வேட்டைப் புரட்டி மூன்றாம் இயலை எடுத்தார். இருநூறு என்று இருந்த இடத்தைச் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் 159 என்று எழுதினார்.

"திங்கட்கிழமை கொடுக்க வேண்டாம். ஆறு மாச நீட்டிப்புக்கு நான் கையெழுத்துப் போடறேன். போன வருஷம் கருத்தரங்குல இருநூறுன்னு வாசிச்சீங்கல்ல, அவங்களுக்கு இன்னைக்கே கடிதம் எழுதுங்க. ஆய்வுக் குழுவுக்கு நாமளே போய்ச் சொல்லுவோம். நானும் வர்றேன்."

"திட்டுவாங்களே மேடம்."

"திட்டுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடிக்கப் போவோம்."

செங்கோடன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தார். அது மேடத்தின் பாட்டில் என்பது காலியான பிறகுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வயிறு இரைந்தது. இருவர் காதிலும் விழுந்தது.

தன் பைக்குள் இருந்த முறுக்கை மெஹருன்னிசா அவர் பக்கம் தள்ளினார்.

இரண்டு முறுக்கு உள்ளே போனதும் செங்கோடனுக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது.

"எல்லாம் அந்த விடுதி வாட்ச்மேனாலதானுங்க. கல்லு மனுசன். ஒரு நாள் உள்ளே விட்டிருந்தா எனக்கு இந்தப் பொழப்பு வந்திருக்குமா? எப்படிக் கெஞ்சியிருப்பேன்! பதினொரு நாளும் ஒரே பதில். முடியாது, முடியாது."

"அவர் எந்த ஊரு சார்?"

"யாருங்க?"

"அந்த வாட்ச்மேன்."

"தெரியலீங்களே. அவர்கிட்டப் போய் அதையெல்லாம்..."

"எந்த மொழியில கெஞ்சினீங்க?"

"இந்தியிலதானுங்க. அவருக்குத் தமிழ் சுத்தமா..."

மூன்றாவது முறுக்கு கையிலேயே நின்றது.

பதினொரு நாள். கைக்கெட்டும் தூரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மனிதர். தூக்குச் சட்டியைத் திறக்கும்போதெல்லாம், "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று இந்தியில் கேட்டவர். ஒருநாள் மழை வந்தபோது தன் குடைக்குள் இடம் கொடுத்துக்கொண்டே, முடியாது என்று சொன்னவர்.

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, முறுக்குத் தூள் சட்டையெல்லாம் சிதறச் சிரித்தார்.

மெஹருன்னிசா இழுப்பறையைத் திறந்து, எழுதாத படிவம் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"திருப்பூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, சார்?"