முதல் மீனை வாங்காத பறவை

பறவையும் மனிதரும் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பிய அந்தக் காலத்தில், லுமாரோ தீவின் ஒவ்வொரு படகு மூக்கிலும் ஒரு கப்பற்பறவையின் தலை செதுக்கியிருக்கும். பிளந்த வாலுடைய அந்தக் கறுப்புப் பறவை வானிலிருந்து தன் முகத்தைக் கண்டதும், "சூரை மீன் மேற்கே போகிறது" என்று சொல்லும். படகுக்காரன் முதல் மீனைக் கையில் நீட்டுவான். அது இறங்கி வந்து வாங்கிக்கொள்ளும்.

பிறகு ஒரு பாதிரியார் வந்தார்.

"இந்தத் தலையைக் கும்பிடுகிறாயா?" என்று படகு செதுக்கும் தோவலுவைக் கேட்டார்.

"இல்லை ஐயா. அடையாளத்துக்கு."

"யாருக்கு அடையாளம்?"

தோவலு குனிந்து உளியைத் தீட்டத் தொடங்கினான். பாதிரியாரின் சந்தேகம் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தலையோடு இருக்கும் படகை எரிப்பேன் என்றார்.

தோவலுவுக்கு இருந்தது ஒரே படகு. அது எரிந்தாலும் வீட்டில் ஐந்து பேருக்கு மீன் இல்லை. பறவை கைவிட்டாலும் இல்லை. ஆகவே தலையை அறுத்து, கடலில் பறவைக்குக் காட்டலாம் என்று, படகில் தண்ணீர் இறைக்கும் கொட்டாங்கச்சிகளுக்கு அடியில் ஒளித்தான்.

திங்கட்கிழமை பாதிரியாரும் படகில் ஏறிக்கொண்டார். அவர் கண் கொட்டாங்கச்சிகளை விட்டு நகரவில்லை.

நடுக்கடலில் பறவை வட்டமிட்டது. "தோவலு, என் முகம் எங்கே?"

பாதிரியாருக்கு அது வெறும் கூச்சல். "உன்னைப் பார்த்து ஏன் கத்துகிறது?"

"தெரியாது ஐயா. இந்தப் பறவையை நான் பார்த்ததே இல்லை."

ஓர் அலை படகைச் சாய்த்தது. கொட்டாங்கச்சிகள் உருண்டன. மரத்தலை அழுக்குத் தண்ணீரில் மிதந்து பாதிரியாரின் காலடிக்கு வந்தது. அவர் பார்த்தார். பறவையும் பார்த்தது.

தோவலு அவசரமாகத் தூண்டிலை இழுத்து, சிக்கிய மீனைக் கழற்றி நீட்டினான். "இந்தா, உன் முதல் மீன்."

"விரலிடுக்கில் தூண்டில் முள்ளை வைத்திருக்க மாட்டாய் என்று எப்படி நம்புவது?"

"நேற்றுவரை வாங்கினாயே."

"நேற்றுவரை உனக்கு என்னைத் தெரிந்திருந்தது."

அவ்வளவுதான் அது பேசியது. மீனோடு பறந்த ஓர் ஆலாவைத் துரத்தி, அதன் அலகிலிருந்து மீனைப் பிடுங்கிக்கொண்டு உயரே போயிற்று.

பாதிரியார் மரத்தலையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். படகை எரிக்கவில்லை; தலையைத் திருப்பியும் தரவில்லை.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் கப்பற்பறவை எவர் கையிலும் வாங்காமல் பிற பறவைகளிடம் பறித்துத் தின்கிறது. மீனவர்களும், அது வழி காட்டுகிறதா ஏய்க்கிறதா என்று தெரியாமலே, அது வட்டமிடும் திசையில் துடுப்புப் போடுகிறார்கள்.